நாலு சைபர்

இங்கே யாரும் வரவில்லையே? அப்படியென்றால் உட்கார்ந்துகொள்கிறேன். பை என் மடியிலேயே இருக்கட்டும்மா, மேலே வைத்தால் நொறுங்கிவிடும். உள்ளே முறுக்கு. காலையில் கொண்டுபோனது, அப்படியே திரும்பி வருகிறது.

நீ வைத்திருப்பது லேப்டாப்தானே? எனக்காக மூட வேண்டாம், உன் வேலையைப் பார். முடிந்துவிட்டதா, சரி. அப்போ ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சைபர், புள்ளி, சைபர், புள்ளி, சைபர், புள்ளி, சைபர். நாலு சைபர். அது உனக்குத் தெரியுமா? தலையாட்டுகிறாய். தெரிந்திருக்கும். எனக்கு அறுபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. எட்டாவதோடு நின்றவள் நான். தெரியாமலே இருந்திருக்கலாம்.

என் மகன் ஆல்வினுக்கும் உன் மாதிரி வேலைதான். சென்னைக் கம்பெனி. கொரோனாவுக்கு வீட்டுக்கு வந்தவன், இன்னமும் பாளையங்கோட்டையில் எங்கள் முன்னறையில் உட்கார்ந்தே வேலை பார்க்கிறான். மூத்தவள் கல்யாணமாகி கோயம்புத்தூரில். வீட்டில் அவனும் நானும்தான்.

எனக்கு ஒரு பழக்கம். யாராவது "அக்கா, ஜெபத்துல நினைச்சுக்கோங்க" என்று சொன்னால், தலையாட்டிவிட்டு மறந்துபோகிறவள் இல்லை நான். வீட்டுக்கு வந்ததும் நோட்டில் எழுதிவிடுவேன். யார், என்ன காரியம், எந்தத் தேதி. எல்லாரையும் ஆசீர்வதியும் என்று பொத்தாம்பொதுவாக ஜெபிப்பது எனக்கு ஒட்டாது. விலாசம் எழுதாமல் கடிதம் போடுகிற மாதிரி இருக்கும். கண் ஆபரேஷன் என்றால் இடது கண்ணா, வலது கண்ணா என்று கேட்டு எழுதுவேன். ஆல்வின் கேலி செய்வான். "ஏம்மா, ஆண்டவருக்கு இடது வலது தெரியாதா?" என்பான். அவருக்குத் தெரியும்டா, எனக்குத் தெரிய வேண்டாமா என்பேன்.

அப்படியே பதினாலு நோட்டு சேர்ந்துவிட்டது. போன வருஷம் எனக்கே கண் ஆபரேஷன். இடது கண். அதற்குப் பிறகு நான் எழுதியதை நானே படிக்க முடியவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் ஆல்வின் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து அதைச் செய்தான். ஒரு சின்ன புரோகிராம். வாயால் சொன்னால் தமிழில் எழுதிக்கொள்ளும். எழுத்தெல்லாம் பெரிசு பெரிசாக, நெல்லிக்காய் அளவுக்கு. ஒன்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் அமுக்க ஒரு பொத்தான், அமுக்கினால் அந்தப் பெயர் பச்சையாகிவிடும். பச்சை கூடக்கூட எனக்குச் சந்தோஷம்.

ஆனால் அது அவனுடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் வந்தது. காலை ஐந்து மணிக்கு ஜெபிக்க வேண்டுமென்றால் அவன் மேஜைக்கு முன்னால் போய் முழங்கால் போட வேண்டும். ரெண்டு நாள் போட்டேன். மூணாவது நாள், என்னடா இது, விக்கிரகத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடுகிற மாதிரி இருக்கிறது, எனக்கு என் போனில் வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அவன் விளக்கம் சொன்னான். இப்போது அது தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கிறதாம். அந்த மிஷினுக்குள்ளிருந்து கேட்டால் மட்டும்தான் பதில் சொல்லுமாம். ஓரிடத்தில் இந்த நாலு சைபரை எழுதினால் வீட்டில் யார் கேட்டாலும் பதில் சொல்லுமாம். எழுதினான். நிஜமாகவே வெளியே விடவா என்கிற மாதிரி கம்ப்யூட்டர் ஒரு தடவை கேட்டது. ஆமாம் என்று அமுக்கினான். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று தொடங்குகிற ஒரு நம்பரை என் போனில் போட்டுக்கொடுத்தான். அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். என் நோட்டு முழுசும் கையில் வந்துவிட்டது. நான் அழுதுவிட்டேன் என்று வைத்துக்கொள்ளேன்.

இது ஊர் உலகத்துக்குப் போகாதும்மா, நம் வைஃபை எட்டுகிற தூரம் மட்டும்தான், வீட்டுக்குள் மட்டும்தான் என்றான். வீட்டுக்குள் என்றால் நான் என்ன நினைப்பேன், நீயே சொல். நானும் அவனும்.

ஒரு நாள் கரண்ட் போய்வந்ததும் அந்த நம்பர் வேலை செய்யவில்லை. மாறிவிட்டதாம். அப்புறம் அது மாறாதபடி ஏதோ செய்து, ஒரு துண்டுத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினான். மேலே வைஃபை பாஸ்வேர்டு, கீழே நம்பர். அந்தத் துண்டுத் தாளில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் வீட்டில் பெண்கள் ஜெபக்கூட்டம். பன்னிரண்டு பதிமூன்று பேர் வருவார்கள். முன்பெல்லாம் சபை விண்ணப்பங்களை நான் நோட்டைப் பார்த்து வாசிப்பேன். காது கேட்காதவர்கள் ரெண்டு பேர், என்ன என்ன என்று கேட்பார்கள். அதனால் ஆல்வினிடம் சொல்லி அதில் ரெண்டு பொத்தான் வைத்தோம். ஒன்று "சபை". அது எல்லாருக்கும். இன்னொன்று "அம்மா". அது எனக்கு, காதோடு சொன்ன காரியங்களுக்கு. வந்தவர்கள் அந்தத் துண்டுத் தாளைக் கைமாற்றி, அவரவர் போனில் போட்டுக்கொள்வார்கள். எல்லார் போனிலும் ஒரே பட்டியல். பார்க்கவே அவ்வளவு அழகாக இருக்கும்மா. வேறெந்தச் சபையில் உண்டு என்று எல்லாரும் சொன்னார்கள்.

அந்த ரெண்டாவது பொத்தானுக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்க வேண்டும். அவன் போடவில்லை. அதுதான் நடந்தது.

எங்கள் சபையில் ஒருத்தி. பேரெல்லாம் சொல்லக்கூடாது. ஒருத்தி என்று வைத்துக்கொள். புருஷன் இல்லாதவள், தையல் மிஷின் வைத்து ஒரே மகளைப் படிக்கவைத்தாள். மகள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை அமைந்தது. நல்ல இடம், பையன் கப்பலில். அந்தப் பிள்ளைக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்திருக்கிறது. இப்போதும் மாத்திரை உண்டு. மூணு வருஷமாக ஒரு தடவைகூட வரவில்லை. ஆனாலும் மறைத்துக் கட்டக்கூடாது என்று பிள்ளை பிடிவாதம். வேறு யாரும் சொல்லக்கூடாது, தரகர் சொல்லக்கூடாது, அம்மாவும் சொல்லக்கூடாது, நானே அவரைப் பார்த்துச் சொல்லுவேன் என்றாளாம். சனிக்கிழமை பையன் அவளைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பதினாலாம் தேதி. சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, உங்க ஒருத்திகிட்டதான் சொல்லுதேன். பிள்ளைக்கு அன்னைக்கு நாக்குக் குழறாம இருக்கணும். அது மட்டும் ஜெபிச்சுக்கோங்க" என்றாள்.

நான் வீட்டுக்கு வந்து போனை வாய்க்கு நேராக வைத்துச் சொன்னேன். சுகந்தி மகள் பிரிசில்லா. வலிப்பு. மாத்திரை சாப்பிடுகிறாள். பதினாலாம் தேதி சனிக்கிழமை பையனிடம் தானே சொல்லப் போகிறாள். தைரியம் வேண்டும். அப்படியே எழுதிக்கொண்டது. ஒரு பிழை இல்லை.

பதிமூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை. அன்றைக்குக் கூட்டத்துக்குப் பக்கத்துச் சபையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார்கள். புதுசு. கேள்விப்பட்டு வந்தேன், உங்கள் வீட்டுக் கூட்டத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள் என்றார்கள். எனக்கு எப்படி இருந்திருக்கும், பார்த்துக்கோ. அந்தத் துண்டுத் தாளை நானே கையில் கொடுத்தேன். கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார்கள். அவர்கள் போனை வாங்கி நானே நம்பரைப் போட்டுக்கொடுத்தேன். எழுத்துகளை இன்னும் பெரிசாக்குவது எப்படி என்றும் காட்டிக்கொடுத்தேன்.

அந்த அம்மா மாப்பிள்ளைப் பையனுக்குச் சித்தி.

எனக்குத் தெரியாதும்மா. சத்தியமாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோதுதான் கேள்விப்பட்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரியே பையனின் அம்மா சுகந்திக்குப் போன் பண்ணிவிட்டார்களாம். நோயை மறைத்துத் தலையில் கட்டப் பார்த்தீர்களே என்று கேட்டார்களாம். நாளைக்குச் சொல்லத்தான் இருந்தோம் என்று இவள் சொன்னதற்கு, மாட்டிக்கொண்ட பிறகு எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள் என்றார்களாம். கல்யாணம் அதோடு நின்றுபோயிற்று. பிரிசில்லா சனிக்கிழமைக்காக எடுத்து வைத்திருந்த சேலையைக் கட்டிக்கொண்டு, பையன் எப்படியும் வருவான் என்று மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாளாம். வரவில்லை. போனும் இல்லை.

சித்திக்காரி போன வெள்ளிக்கிழமை உங்கள் வீட்டுக்குத்தானே வந்தார்கள் என்று யாரோ சாதாரணமாகக் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து ஆல்வினிடம் கேட்டேன். யார் எதைப் பார்த்தார்கள் என்று அந்த மிஷின் எழுதி வைத்திருக்கிறதா என்று. இருக்கும்மா என்று எடுத்துப் பார்த்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து இருபதுக்கு ஒரு போனிலிருந்து ரெண்டாவது பொத்தானை அமுக்கியிருக்கிறார்கள். ஒரு தடவை இல்லை. ஏழு தடவை. ஐந்து இருபதுக்கு நான் எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

ஆல்வின் என்னைத் திட்டவில்லை. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "நான் சொன்னேன்லம்மா" என்றான். அவ்வளவுதான்.

அவன் சொன்னான். உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. பூட்டுப் போடுகிறேன் என்று அவன் ரெண்டு தடவை சொன்னான். வெளியாட்கள் வருகிற வீடும்மா, வைஃபைக்குள் வந்துவிட்டால் எல்லாரும் வீட்டாள்தான், அந்த மிஷினுக்கு உன்னையும் தெரியாது, அவர்களையும் தெரியாது என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். பாஸ்வேர்டு எனக்கு ஞாபகம் நிற்காது, இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு தினம் காலையில் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்றேன். வருகிறவர்கள் எல்லாரும் ஜெபிக்கிற பெண்கள், யாரும் அடுத்தவர் அறையைத் திறக்க மாட்டார்கள் என்றேன். இன்னொன்றும் உண்டு. அந்த ரெண்டாவது பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு எண் வரும், உள்ளே எத்தனை விண்ணப்பம் என்று. நாற்பத்தொன்று, நாற்பத்தாறு என்று கூடிக்கொண்டே போகும். கூட்டத்துக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் இத்தனை பேர் வந்து சொல்கிறார்களா என்பார்கள். பூட்டுப் போட்டால் அந்த எண் தெரியாது என்று ஆல்வின் சொன்னான். அதற்காக வேண்டாம் என்றேன் என்று சொல்ல மாட்டேன். கண்ணுக்காகத்தான் சொன்னேன். பெரும்பாலும் கண்ணுக்காகத்தான்.

புதன்கிழமை சுகந்தி வந்தாள். முகம் வீங்கியிருந்தது. உட்காரவில்லை. "யக்கா, கேக்கக்கூடாது, கேட்டுருதேன். யார்கிட்டயும் சொன்னீங்களா?" என்றாள்.

நான் சொன்னேன், "என் வாயால யார்கிட்டயும் சொல்லலை, சுகந்தி."

பொய் இல்லை, பார். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. முன்னறையில் ஆல்வின் தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோயிற்று. சுகந்தி என் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். உங்களைப் போய்க் கேட்டேனே, என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா என்று அழுதாள். நான் அவள் தலையில் கை வைத்து ஜெபித்து அனுப்பினேன். ஆமாம்மா, ஜெபித்தேன்.

அவள் போன பிறகு ஆல்வின் நாலு சைபரை எடுத்துவிட்டு, பழையபடி அந்த மிஷின் தனக்குத் தானே பேசிக்கொள்கிற மாதிரி மாற்றிவிட்டான். ஃப்ரிட்ஜிலிருந்து தாளைக் கிழித்தான். பிரிசில்லா பெயரையும் அழித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னான்.

அதோடு போயிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ. ஆனால் நான் சொல்லவில்லை என்றால் வேறு யார் சொன்னது? சுகந்திக்குத் தெரிந்து, விஷயம் தெரிந்தவர்கள் ரெண்டே பேர். நானும், அவள் அண்ணன் பெண்டாட்டியும். அந்த மதினிதான் பிள்ளை சிறிசாக இருந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவள். சுகந்தி அவளிடம் போய் வாசலில் நின்று கத்தியிருக்கிறாள். உன் வாய்தான் என் பிள்ளை வாழ்க்கையைக் கெடுத்தது என்று. அவள் இல்லை என்று எவ்வளவோ அழுதாளாம். அக்கா சொல்லவில்லை, அப்போ நீதானே என்றாளாம் இவள். அண்ணன் வீட்டுக்கும் இவளுக்கும் பேச்சு அற்றுப்போயிற்று. தாயும் மகளும் பாளையங்கோட்டையை விட்டே கிளம்பி மெஞ்ஞானபுரத்தில் அவள் புருஷன் வீட்டுப் பழைய வீட்டுக்குப் போய்விட்டார்கள். பிள்ளை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாள்.

நாலு மாதம். தினம் காலையில் முழங்கால் போட்டு, சொல்லப் பெலன் தாரும், சொல்லப் பெலன் தாரும் என்று கேட்பேன். ஆல்வின் ஒரு நாள் காபியை வைத்துவிட்டுச் சொன்னான், "பஸ் இருக்குல்லம்மா. பெலன் எதுக்கு?" என்று. கோபம் வந்தது எனக்கு. ஒரு வாரம் பேசவில்லை. இன்றைக்கு ஏறிவிட்டேன்.

திருச்செந்தூர் வந்து, மினி பஸ் பிடித்து மெஞ்ஞானபுரம் போனேன். சுகந்திக்கு என்னைப் பார்த்ததும் சந்தோஷம் தாங்கவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. இத்தனை தூரம் வந்தீர்களா, ஊரில் எல்லாரும் கைவிட்டபோது நீங்கள் ஒருத்திதான் என்கிறாள். முறுக்கைத் தட்டில் போடுகிறாள். காபி போடுகிறாள். நான் வாயைத் திறக்கிறேன், மழை எப்படி, தண்ணீர் வருகிறதா என்றுதான் வருகிறது. ஒரு மணி நேரம் போயிற்று. பள்ளிக்கூடம் சனிக்கிழமை லீவு, பிள்ளை உள்ளறையில் பேப்பர் திருத்துகிறாள் என்றாள். அப்புறம், யக்கா, ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போங்க என்றாள்.

கண்ணை மூடினேன். மூடியதும் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்து வராதது, கண்ணை மூடினால் வருகிறது எனக்கு. பழக்கம் அப்படி. ஆண்டவரே, உம்முடைய பிள்ளை சுகந்தி என்னை நம்பிச் சொன்னதை நான் திறந்து போட்டேன் ஆண்டவரே, பூட்டு வேண்டாம் என்று சொன்னது நான் ஆண்டவரே, அந்த அம்மா போனில் நம்பரைப் போட்டது என் விரல் ஆண்டவரே, கேட்டபோது சாமர்த்தியமாகப் பதில் சொன்னேன் ஆண்டவரே, மதினி மேல் ஒரு குற்றமும் இல்லை ஆண்டவரே. எல்லாம் சொன்னேன். ஒன்று விடவில்லை. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் எதிர் நாற்காலியில் சுகந்தி இல்லை.

அடுப்படியில் தண்ணீர் விழுகிற சத்தம். உள்ளறை வாசலில் பிரிசில்லா நின்றாள். கையில் சிவப்புப் பேனா.

"ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சு. அம்மாவும் கேட்டாச்சு. என்கிட்ட எப்ப சொல்லுவீங்க ஆன்ட்டி?" என்றாள்.

எழுந்து நின்றேன். அவள் முகத்தைப் பார்த்தேன். "தப்பு என்னோடதும்மா" என்றேன். ஜெபத்தில் அவ்வளவு நீளமாக வந்தது, அவளிடம் அவ்வளவுதான் வந்தது.

அவள் அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். "நான் சொல்லியிருந்தாலும் அவர் வேண்டாம்னு சொல்லியிருக்கலாம் ஆன்ட்டி. ஆனா என்னைப் பார்த்துச் சொல்லியிருப்பார். நானும் ஏன்னு கேட்டிருப்பேன்."

என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் எப்போதும் சொல்வதையே சொன்னேன். உனக்காக ஜெபிக்கிறேன்மா என்றேன்.

"வேண்டாம். என் பேரை எடுத்துருங்க."

ஆல்வின் அதை அன்றைக்கே அழித்துவிட்டான்மா என்றேன்.

"மிஷின்ல இருந்து இல்ல ஆன்ட்டி. உங்க ஜெபத்துல இருந்து."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சுகந்தி வந்தாள், தட்டில் இருந்த முறுக்கை எடுத்து என் பையில் போட்டாள், உடையாமல் ஒவ்வொன்றாகத்தான் போட்டாள். என்னைப் பார்க்கவில்லை. படி இறங்கும்போது பின்னால் அவள் குரல் கேட்டது. "மதினி, நான்தான், சுகந்தி. வச்சிராதீங்க, வச்சிராதீங்க" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் நின்று கேட்க எனக்கு என்ன உரிமை. நடந்து வந்துவிட்டேன்.

அது பாளையங்கோட்டை போர்டுதானே? இன்னும் ரெண்டு ஸ்டாப் இருக்கிறதா. சரி.

நாளைக்குக் காலை ஐந்து மணிக்கு முழங்கால் போடுவேன். எனக்கு மிஷினும் வேண்டாம், நோட்டும் வேண்டாம்மா, வரிசை மனப்பாடம். கனகத்தின் மூட்டுவலி. அதற்கடுத்து அந்தப் பெயர். அதற்கடுத்து என் மகள். நடுவில் அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். ஒருத்திக்காக ஜெபிக்காமல் இருப்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. திருச்செந்தூரிலிருந்து அந்த ஒரு ஜெபத்துக்கு மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் வந்தேன். கருங்குளம் தாண்டும்போது நீ கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பினாய், பார், அப்போது ஒரு தடவை வந்துவிட்டது.